கட்டை அவிழ்த்தால் வேறு முகம்

1998, ஆகஸ்ட் 3, திங்கள்

காலையிலிருந்து புழுக்கம். மழை வருகிற மாதிரி இருட்டிவிட்டு ஏமாற்றியது. லஸ்ஸில் பஸ் ஏறி தி.நகர் வரை நின்றுகொண்டே. தொண்டைக்காகத் தயிர் கூடாது என்று நேற்றுதான் தீர்மானம். மத்தியானம் தயிர்சாதம்.

இன்று டப்பிங்கில் ரோசலின் அழும் காட்சி. அப்பா எழுதிவைத்த திராட்சைத் தோட்டத்தைத் தம்பி ஏமாற்றிப் பிடுங்கிக்கொள்கிறான். ரோசலினாக நடிக்கிற டானா வெக்ஸ்லி சத்தம் போட்டு அழமாட்டாள். கண் நிறையும், மூக்கு நுனி சிவக்கும், வாய் மட்டும் சிரிக்கப் பார்க்கும். நம் ஊர் அழுகையை அங்கே போட்டால் ஒட்டாது. இந்தத் தொடர் தமிழில் வர ஆரம்பித்ததிலிருந்து அவளுக்கு நான்தான் குரல். அவள் என்றைக்கோ அமெரிக்காவில் அழுது முடித்து, முகம் கழுவி, வீட்டுக்குப் போய்விட்டாள். நான் இப்போது தி.நகரில், ஏ.சி. இருட்டறையில், சால்வை போர்த்திக்கொண்டு அழுகிறேன். இரண்டாவது டேக்கில் ஓகே.

கோபாலன் சார் (வசனம் எழுதுவதும் அவரே, டப்பிங் மேற்பார்வையும் அவரே) மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வந்தார். "நன்னா வந்துருக்கு பத்மா. ஆனா ஒரு சமாசாரம்." பம்பாயிலிருந்து அடுத்த கட்டு டேப் வந்துவிட்டதாம். ரோசலினுக்குக் கார் விபத்து.

"செத்துடறாளா சார்?"

"சாகலை. மூஞ்சி பூரா கட்டு."

சௌண்ட் இன்ஜினியர் ஜாபர், கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து மைக்கில்: "கட்டுன்னா நல்லதுதான்க்கா. வாயே தெரியாது. உதட்டுக்கு சிங்க் பாக்கத் தேவயில்ல, இஷ்டத்துக்குப் பேசிக்கினு போலாம்."

எல்லோரும் சிரித்தோம். பஸ்ஸில் வரும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. விபத்து என்றால் அவளுக்கு வலிக்குமே என்று நினைப்பு. யாருக்கு, ரோசலினுக்கா டானாவுக்கா (இனி டா.) என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

வாங்க மறந்தது: கொக்கி, பனங்கற்கண்டு, இவருக்கு ஷேவிங் பிளேடு.


ஆகஸ்ட் 6, வியாழன்

வெயில். கண் கூசியது. உள்ளே போனதும் வழக்கம்போல் ஒன்றும் தெரியாமல் நாற்காலியில் இடித்துக்கொண்டேன்.

கட்டு போட்ட ரோசலின். ஆஸ்பத்திரிக் கட்டில். வசனம் கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் முனகல். ஹெட்போனில் ஆங்கிலத்தை முதலில் ஒருமுறை கேட்டுவிடுவது என் வழக்கம். வார்த்தை கோபாலன் சார் பாடு. நான் கேட்பது மூச்சை. டா. பேசுவதற்கு முன் மூக்கால் சின்னதாக ஒரு மூச்சு இழுப்பாள். பேசி முடித்தபின் மிச்சத்தை விட்டுவிடமாட்டாள், கொஞ்சம் உள்ளேயே வைத்துக்கொள்வாள். அதனால்தான் அவள் எதைச் சொன்னாலும் இன்னும் ஏதோ சொல்லப்போகிறாள் என்று தோன்றும்.

கட்டுக்குள் இருக்கிறவள் வாயால் மூச்சு விடுகிறாள்.

மறுபடி போடச் சொன்னேன். மறுபடியும். "ஜாபர், இது அவ இல்ல."

"எவ இல்ல?"

"டானா இல்ல. உள்ள வேற யாரோ இருக்காங்க."

"இன்னாக்கா இது! மூஞ்சே தெரியல, வெறும் துணிதான் கீது. ஆள் மாறிட்ச்சுன்றீங்க."

கோபாலன் சார் சிரித்துக்கொண்டேதான் பம்பாய்க்குப் போன் போட்டார். திரும்பி வந்தபோது சிரிக்கவில்லை. ஆமாம். டா. தொடரை விட்டுப் போய்விட்டாள், சினிமாவுக்கு. கட்டை அவிழ்த்தால் உள்ளே வேறு நடிகை.

"அங்கெல்லாம் இது சகஜம். ஆள் போனாலும் ரோலை நிறுத்தமாட்டா. பிளாஸ்டிக் சர்ஜரின்னு சொல்லிட்டு மேல போயிண்டே இருப்பா."

என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாளே என்று கோபம் வந்தது. எழுதிப் பார்த்தால் அசட்டுத்தனமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் வந்தது. பாண்டி பஜாரில் ஒரு கடை வாசலில் நின்று ரோஸ்மில்க் குடித்தேன். தொண்டை கெட்டால் கெடட்டும்.


ஆகஸ்ட் 8, சனி

லஸ் முனை, நடைபாதைப் பழைய புத்தகக் கடை. அமெரிக்கப் பத்திரிகைகள் தனி அடுக்கு. யார் படித்து, எந்தக் கப்பலில் வந்து சேர்ந்தவையோ. கடைக்காரர், "தேடிக்கோங்கம்மா, கசக்காம தேடுங்க" என்றார். ஒரு டி.வி. பத்திரிகையில் டா. பற்றி அரைப்பக்கம், போட்டோவோடு. முன்பே சேர்த்துவைத்ததோடு கூட்டி அவள் கதையை இங்கே போட்டுவைக்கிறேன்:

— சின்ன ஊர். அப்பா டிராக்டர் மெக்கானிக்.
— பற்பசை விளம்பரம். பல் மட்டும்.
— ஒரு சிரிப்புத் தொடரில் ஹோட்டல் சர்வர். தட்டை வைத்துவிட்டுப் போவாள்.
— ஆஸ்பத்திரித் தொடரில் நர்ஸ். "டாக்டர், சீக்கிரம் வாங்க."
— துப்பறியும் பெண்ணாக ஒரு தொடர், அவள்தான் நாயகி. ஆள் பார்க்கவில்லை என்று பாதியில் நிறுத்தினார்கள்.
— கொஞ்ச காலம் ஒன்றுமில்லை. நாய்களுக்கு முடி வெட்டும் கடையில் வேலை!
— ரோசலின்.

பேட்டியில் கேட்கிறார்கள், இவ்வளவு நன்றாகப் போகிற தொடரை ஏன் விடுகிறீர்கள் என்று. "இப்போது சினிமாவுக்குப் போகாவிட்டால் அப்புறம் அம்மா வேஷம்தான் தருவார்கள்" என்கிறாள். இதே பேச்சை வடபழனியில் எத்தனை பேர் வாயால் கேட்டிருக்கிறேன். அமெரிக்காவிலும் அதே அம்மா வேஷம்தானா!

என்னுடையதையும் எழுதிப் பார்த்தேன்:

— குழந்தைக் குரல், பையன்களுக்கும் சேர்த்து.
— கதாநாயகியின் தோழி. தோழிக்குத் தோழி. கும்பலில் "ஐயோ".
— ஒரு கதாநாயகிக்குத் தொடர்ந்து நான்தான். அவள் கல்யாணமாகித் துபாய் போனாள். என் குரல் மயிலாப்பூருக்கே திரும்பி வந்தது.
— ரோசலின்.

போட்டோவில் டா. ஒரு மரப்படியில் உட்கார்ந்திருக்கிறாள். பின்னால் காய்ந்த புல், மஞ்சள் வெளிச்சம். அந்த வெளிச்சம் இங்கே எப்போதாவதுதான் வரும், மழை விட்ட சாயங்காலம், மாட வீதிச் சுவர்களில்.


ஆகஸ்ட் 10, திங்கள்

வேலை இல்லை. வடிகட்டின சோம்பல். கனவு மட்டும் எழுதவேண்டும்.

டா. தெற்கு மாட வீதியில் பூ வாங்குகிறாள். ரோசலினின் பச்சைக் கோட்டு. யாரும் அவளை விநோதமாகப் பார்க்கவில்லை, தினம் வருகிறவள் போலிருக்கிறது. பூக்காரம்மா எத்தனை முழம் என்று கேட்கிறாள். டா. வாயைத் திறக்கிறாள். வாய் அசைகிறது, சத்தமே இல்லை. பூக்காரம்மா, சைக்கிளில் வந்தவர், தேங்காய்க்கடைக்காரர் எல்லோரும் திரும்பி என்னைப் பார்க்கிறார்கள். நான் தெருவின் இந்தப் பக்கம். நடுவில் ஒரு பஸ் போகிறது. ஜன்னல் ஜன்னலாகப் போய்க்கொண்டே இருக்கிறது, முடிவதே இல்லை.

விழித்தபோது விடிந்திருந்தது. இவர் பேப்பரோடு உட்கார்ந்திருந்தார். "தூக்கத்துல பேசினே."

"என்ன பேசினேன்?"

"ரெண்டு முழம்னே."

அப்படியானால் சொல்லிவிட்டிருக்கிறேன். அவளுக்குக் கேட்டிருக்கும்.


ஆகஸ்ட் 12, புதன்

தூறல். குடை எடுக்கவில்லை.

கட்டு அவிழ்ந்தது. நர்ஸ் சுற்றிச் சுற்றி அவிழ்க்கிறாள், நான் மைக் முன்னால் நின்று பார்க்கிறேன். சின்னப் பெண். கூரான தாடை, பளிச்சென்ற பல். அழகாகத்தான் இருக்கிறாள். கண்ணாடியைக் கையில் வாங்கிப் பார்த்து, "இது நானா?" என்கிறாள். எனக்கு எழுதியிருந்த வசனமும் அதுதான். சொல்ல வாய் வரவில்லை.

"சார், இவங்களுக்கு நான் பேசலை."

கோபாலன் சார் பேனாவை மூடினார். "ஏம்மா? அதே ரோசலின்தானே."

"ரோசலின் அதேதான். முகம் வேற. ஒரு முகத்துக்கு ஒரு குரல்னு தானே சார் நாம இத்தனை வருஷமாப் பண்றோம்? நாளைக்கு டானாவோட படம் தமிழ்ல வரும். இப்பதான் இங்கிலீஷ் படமெல்லாம் வரிசையாத் தமிழ்ல வருதே. அங்கயும் இங்கயும் ஒரே குரல் கேட்டா நல்லாவா இருக்கும்?"

"படம் வரும்போது பாத்துக்கலாமே. கைல இருக்கறதை ஏன் விடறே?"

"அவளோட குரல் சார் நான். ரோசலினோடது இல்ல."

சொல்லும்போது எனக்கே புல்லரித்தது. ஜாபர் கண்ணாடிக்குப் பின்னால் தலையில் கை வைத்துக்கொண்டான். ஓரத்தில் கீதா. தொடரில் வேலைக்காரப் பெண்ணுக்குப் பேசுகிறவள், அடையாறிலிருந்து ஸ்கூட்டியில் வருவாள், என்னைக் கண்டால் எழுந்து நிற்பாள். அவளைப் பிடித்து மைக் முன்னால் நிறுத்தினேன். "ரோசலின் இனிமே இவதான். எல்லார் முன்னாடியும் சொல்றேன்."

"அக்கா, வேணாம்க்கா" என்று கீதா கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பாதியில அவ வந்தா, இவ வந்தான்னு என்னை எடுத்துடமாட்டீங்களே சார்?" என்று பிறகு பயந்து பயந்து கேட்டாள். கோபாலன் சார், "என் வார்த்தை. கடைசி வரைக்கும் உனக்குத்தான்" என்றார்.

"இது நானா?" கீதா சொன்னது வெளி பெஞ்சு வரை கேட்டது. பரவாயில்லை.


ஆகஸ்ட் 16, ஞாயிறு

சாயங்காலம் பெசன்ட் நகர் கடற்கரை. நல்ல காற்று. இவரிடம் இன்றைக்குத்தான் சொன்னேன்.

"விட்டுட்டியா? யாருக்காக?"

"டானாவுக்காக."

"அவளுக்குத் தெரியுமா?"

நடந்துகொண்டே ஊரூர் குப்பம் பக்கம் வந்துவிட்டோம். கட்டுமரங்களைச் சாய்த்து வைத்திருந்தார்கள். வலை காய்ந்த வாடை. தண்ணீர் மேலே அந்த மஞ்சள் வெளிச்சம், போட்டோவில் இருக்கிற அதே மாதிரி.

"இதுக்கு நேர் அந்தப் பக்கம் அமெரிக்கா இல்ல?"

"அந்தப் பக்கம் அந்தமான். அதுக்கு அப்புறம் பர்மா." கொஞ்சம் கழித்து, பாவம் என்று தோன்றியிருக்கவேண்டும், "விடாமப் போய்க்கிட்டே இருந்தா அமெரிக்காவும் வரும்" என்றார்.

சுண்டல். மாங்காய் போட்டது. மணல் நறநற.


ஆகஸ்ட் 27, வியாழன்

வீட்டிலேயே இருந்து இருந்து கைகால் மரத்துவிட்டது. பரண் துடைத்தேன். ஊறுகாய் ஜாடி உடைந்தது.

மத்தியானம் ஜாபர் போன். அவன் மச்சான் ஈக்காட்டுத்தாங்கலில் புது ஸ்டூடியோ ஒன்றில் வேலை செய்கிறான். அங்கே ஒரு அமெரிக்கப் படம் வந்திருக்கிறது, அணை உடைந்து ஊரே முழுகுகிற கதை. பெயர்ப் பட்டியலில் டா. பெயர் இருக்கிறதாம்!

"கரெக்டா படிச்சியா?"

"எழுத்துக் கூட்டிப் படிச்சேன்க்கா. வெக்ஸ்லின்னுதான் கீது. நீங்க கெலிச்சிட்டீங்க."

சமையலறையில் நின்று கைதட்டினேன், எனக்கே எனக்காக. கோபாலன் சாருக்குப் போன் செய்து சொல்லவேண்டும்போல் இருந்தது. செய்யவில்லை, அவருக்காகவே தெரியவரட்டும். சாயங்காலம் தலைக்குக் குளித்து, சாம்பிராணி போட்டு, மொட்டை மாடியில் முடி உலர்த்திக்கொண்டு அவளுக்காகக் கதை யோசித்தேன். அணை கட்டிய இன்ஜினியரின் மனைவியாக இருப்பாள். அல்லது அவளே இன்ஜினியர். கடைசியில் மதகுக் கதவைத் திறந்துவிட்டு எல்லோரையும் காப்பாற்றுவாள். நனைந்த முடியோடு வானத்தைப் பார்ப்பாள். நீளமாக ஒரு வசனம் இருக்கும்.


செப்டம்பர் 2, புதன்

ஈக்காட்டுத்தாங்கல். ஸ்டூடியோ மாடியில், கீழேயும் பக்கத்திலும் லேத் பட்டறைகள். மெஷின் நிற்கிற சமயம் பார்த்துத்தான் டேக். நீலப் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு போனேன். குரலுக்குப் புடவை எதற்கு என்று இப்போது தோன்றுகிறது.

டைரக்டர் சின்ன வயது. ஜாபரின் மச்சான் சொல்லி டானாவுக்குப் பேச வந்தவள் என்றேன். "எந்த டானாங்க?" என்றார். பேப்பரைப் புரட்டினார். "ஓ, அந்த டி.வி. ரிப்போர்ட்டரா! அது சும்மா துண்டு கேரக்டருங்க."

போட்டுக் காட்டினார்கள். மழை. அணை. டா. மைக்கைப் பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்த்து நிற்கிறாள். முடி தலையோடு ஒட்டிக்கிடக்கிறது. மூக்கால் மூச்சு இழுத்தாள், அதே மூச்சு. "எனக்குப் பின்னால் தெரியும் இந்த அணை எந்த நேரமும் உடையலாம். மக்கள் உடனே..." அவ்வளவுதான். தண்ணீர் வந்து அடித்துக்கொண்டு போய்விட்டது. அப்புறம் படம் முழுக்க வேறு யார் யாரோ.

முதல் டேக்கில் ஓகே.

"சூப்பரா இருக்கு மேடம். அப்படியே கும்பல்ல ஒரு 'ஐயோ' மட்டும் குடுத்துட்டுப் போயிடுங்களேன், ஆள் குறையுது."

கொடுத்தேன். நன்றாகவே வந்தது.

சைதாப்பேட்டை பாலத்தில் பஸ் வெகுநேரம் நின்றது. ஆற்றில் தண்ணீரே இல்லை. இவ்வளவுக்காகவா போனாய், டா.? இதற்கா ரோசலினின் வீட்டையும் பச்சைக் கோட்டையும் விட்டுவிட்டு வந்தாய்? பக்கத்தில் இருந்த அம்மாள், "இன்னாமா, உடம்பு சரியில்லியா?" என்று ஜன்னலோர இடத்தை விட்டுக்கொடுத்தாள். டா.வுக்காகத்தான் அழுகை என்று நினைத்தேன். எனக்காகவும்தான்.


செப்டம்பர் 4, வெள்ளி

ஒன்றும் இல்லை. தூக்கம். இவர் ஒன்றும் கேட்கவில்லை, வரும்போது வெங்காயப் பக்கோடா வாங்கிவந்தார். நீலப் புடவைக்கு இஸ்திரி.


செப்டம்பர் 25, வெள்ளி

நவராத்திரி. பகலில் நல்ல மழை, தெரு முழுக்கச் சேறு. மாடி வீட்டு லலிதா மாமி கொலுவுக்குக் கூப்பிட்டிருந்தாள். பொம்மைகளுக்கு எதிரிலேயே டி.வி. ஓடியது. நான் போன சமயம் சரியாக நம் தொடர், கட்டு அவிழ்கிற இடம். மாமி ஒரு நாள் விடமாட்டாள்.

"இது நானா?" என்றது புது முகம், கீதா குரலில்.

மாமி சட்டென்று என் பக்கம் திரும்பினாள். "ஏண்டி, உன் குரல் எங்கே?"

"முகம் மாறிடுச்சு இல்ல மாமி. அதான் குரலும்."

"ஆஸ்பத்திரியில மூஞ்சியைத்தானே மாத்தினா? தொண்டையையுமா மாத்தினா?"

கோபாலன் சாருக்கும் தோன்றவில்லை, ஜாபருக்கும் தோன்றவில்லை, எனக்கு அன்றைக்குப் புல்லரிப்பில் எதுவுமே தோன்றவில்லை. சினிமாவில் ஒரு கதாநாயகிக்கு ஒரு குரல். அதையே பிடித்துக்கொண்டு தொங்கியிருக்கிறேன். இங்கே தொடரில் முகம்தான் வரும், போகும். ரோசலின் போகமாட்டாள். மாமிக்கு உட்கார்ந்த இடத்தில் தெரிந்துவிட்டது.

"போகட்டும், ரெண்டு வாரம் கேட்டா பழகிடும்" என்று மாமி சுண்டலைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். பாடச் சொன்னாள். தொண்டை சரியில்லை என்று பொய்.


அக்டோபர் 7, புதன்

ஜாபர் போன். எடுத்ததும் சிரிக்கிறான். "அக்கா, உங்க ஆளு ரிட்டர்ன்!"

புதுக் கட்டு டேப். ரோசலின் ஏதோ வெளிநாடு போகிறாள். திரும்பி வரும்போது பழைய முகம். டா. முகம். ஆபரேஷன் இல்லை, கட்டு இல்லை, ஒன்றும் இல்லை. கதவைத் திறந்துகொண்டு மழையோடு உள்ளே வருகிறாள்.

"வீட்ல யாரும் கேக்கலியா, முகம் ஏன் மாறிடுச்சுன்னு?"

"வேலைக்காரன்கூட கேக்கலக்கா. கோட்டை வாங்கி ஆணில மாட்டிட்டு போய்க்கினே கீறான்."

சினிமா சரிப்படவில்லை, திரும்பிவிட்டாள் போலிருக்கிறது. நான் இங்கே அவளுக்காகப் பஸ்ஸில் அழுதபோது அவள் அங்கே எப்போதோ வீடு திரும்பி, சமாதானமாகி, இன்னும் நிறைய காட்சிகள் நடித்து முடித்திருப்பாள். எனக்குத்தான் எல்லாம் தாமதமாக வந்துசேர்கிறது.

இரண்டு தடவை வெந்நீர் கொப்பளித்தேன். போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். எனக்கு அவள் வேண்டும். வெட்கமில்லாமல் எழுதுகிறேன், வேண்டும்.


அக்டோபர் 8, வியாழன்

கோபாலன் சார் போன். குரலிலேயே தெரிந்துவிட்டது.

"பத்மா, கீதாவுக்கு வார்த்தை குடுத்துட்டேன். உன் எதிர்லதான் குடுத்தேன்."

"ஆமா சார்."

"நீயும் எல்லார் முன்னாடியும் சொன்னே."

"ஆமா சார். சரிதான்."

பின்னால் கீதா ஏதோ சொல்வது கேட்டது. போனை அவளே வாங்கிக்கொண்டாள். "அக்கா, வசனம் எப்படியோ பேசிட்டேன். உள்ள வந்ததும் சிரிக்கறாங்க இல்ல, அது வரலக்கா. காலைலேர்ந்து சிரிச்சு சிரிச்சுத் தொண்டை கட்டிப்போச்சு. டேப்ல சிரிப்பும் பேச்சும் ஒண்ணாவே இருக்காம், அவங்க சிரிப்பைத் தனியா எடுத்துப் போடவும் முடியாதாம். நீங்க வந்து சிரிச்சுட்டுப் போறீங்களா? சிரிப்பு மட்டும்."

சிரிப்பு மட்டும்!

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். என்னை என்னவென்று நினைத்தார்கள். கறிவேப்பிலையா நான், வாசனைக்குக் கிள்ளிப்போட? தோசை மாவைக் கோபத்தில் உப்பு அதிகம் போட்டுக் கெடுத்தேன்.

சாயங்காலம் பத்திரிகையை எடுத்து அந்தப் போட்டோவைப் பார்த்தேன். தட்டை வைத்துவிட்டுப் போனவள். பல் மட்டும் காட்டியவள். நாய்க்கு முடி வெட்டியவள். அணைக்கு முன்னால் நின்று பாதி வாக்கியத்தில் வெள்ளத்தோடு போனவள். அவளுக்கு ரோஷம் இருந்திருக்காதா? கதவைத் திறந்துகொண்டு திரும்பத்தானே வந்தாள், அதுவும் சிரித்துக்கொண்டு.

கீதாவுக்குப் போன் செய்து வருகிறேன் என்றேன்.


அக்டோபர் 9, வெள்ளி

மழை பிடித்துக்கொண்டது. ஆட்டோ. சாதாரண நூல் புடவை.

டேப் ஓடியது. இருட்டில் கதவு. கதவு திறக்கிறது. டா. கொஞ்சம் இளைத்திருக்கிறாள். கண்ணுக்குக் கீழே கோடுகள், மேக்கப்பையும் மீறித் தெரிகின்றன. அண்ணாந்து முடியை உதறுகிறாள், எல்லோரையும் ஒருமுறை பார்க்கிறாள், மூக்கால் மூச்சு இழுக்கிறாள். நானும் இழுத்தேன்.

சிரித்தோம்.

எங்கிருந்து வந்தது தெரியாது. வயிற்றிலிருந்து வந்தது. அவள் தலையைப் பின்னால் சாய்த்தபோது என் தலையும் சாய்ந்தது, ஹெட்போன் கழன்று தோளில் விழுந்தது. ஜாபர் அந்தப் பக்கம் எழுந்து நின்றுவிட்டான். "ஒன்ஸ் மோர் வேணாம்க்கா. இதுதான். இதேதான்."

நான் மைக்கை விட்டு நகர்ந்தேன், கீதா என் இடத்துக்கு வந்தாள். "வந்துட்டேன். எல்லாரும் ஏன் இப்படிப் பாக்கறீங்க?" டா. வாயில் கீதா. உதடு சேருகிற இடத்தில் உதடு சேர்ந்தது, பிரிகிற இடத்தில் பிரிந்தது. என்னுடையதைவிடச் சுத்தம். குறை கண்டுபிடிக்கலாம் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன், கிடைக்கவில்லை. வயிறு எரிந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

கீதா வெளியே வந்து, "எப்படிக்கா இருந்துச்சு?" என்றாள். நன்றாக இருந்தது என்றேன். கடைசியில் மூச்சைக் கொஞ்சம் மிச்சம் வை என்றேன். ஏன் சொன்னேன்? சொல்லாமல் வைத்துக்கொண்டிருக்கலாம். திரும்ப உள்ளே போய் அதையும் செய்து பார்த்துவிட்டாள்.


நவம்பர் 12, வியாழன்

மூன்றாவது நாளாக மழை. துணி எதுவும் உலரவில்லை. தேங்காய் விலை ஏறிவிட்டது.

இன்றைக்கு அந்தக் காட்சி ஒளிபரப்பு. டி.வி.யைப் போட்டுவிட்டு உட்காரத் தைரியமில்லாமல் சமையலறைக்குப் போய்விட்டேன். இவர் வெளியே வராந்தாவில், நனைந்த ஷூவுக்குள் பேப்பர் திணித்துக்கொண்டிருந்தார். குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. உள்ளே கதவு திறக்கிற சத்தம். மழைச் சத்தம், அங்கேயும் இங்கேயும். பிறகு அந்தச் சிரிப்பு, வீடு முழுக்க.

ஷூவைக் கையில் வைத்துக்கொண்டே இவர் சமையலறை வாசலுக்கு வந்துவிட்டார். முகமெல்லாம் சிரிப்பு. "என்ன பத்மா, என்ன அப்படிச் சிரிப்பு? சொல்லேன், நானும் சிரிக்கறேன்."

நான் கரண்டியோடு நின்றேன். ஹாலில் டா. பேச ஆரம்பித்திருந்தாள், கீதா குரலில். அங்கே திரும்பிப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நீ இல்லியா?"

"நான்தான். சிரிப்பு மட்டும்."

"அதானே. எத்தனை நாளாச்சு இவ இப்படிச் சிரிச்சுன்னு நினைச்சுக்கிட்டே ஓடி வந்தேன்."

ஷூவைக் கீழே வைத்தார். ஹாலுக்குப் போய், நாற்காலியை டி.வி. பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். இந்தத் தொடரைப் பார்க்க அவர் உட்கார்ந்து நான் கண்டதே இல்லை. கதை புரியாமல் இது யார், அது யார் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். விளம்பரம் வந்ததும், "மறுபடி எப்ப சிரிப்பு வரும்?" என்றார்.

தெரியாது என்றேன். அடுத்த கட்டு டேப் பம்பாயிலிருந்து இன்னும் வரவில்லை.